பட்டாலையில் உழைத்த முன்னோரும் அவர்தம் பெயர்களும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டிற் பயிலும் பழமொழி. பேராறு தோன்றுமிடத்திற் சிற்றூற்றும் சேறுமே காணப்படும். அவற்றைக் கண்டார்க்கு ஆற்றின் பெருமை குன்றித் தோன்றும் என்று அஞ்சியே பெரியோர் இங்ஙனம் கூறினர் போலும். ஆயின், ஆற்றிற்கும் முனிவர்க்கும் உரியதாகிய இவ்விலக்கு, ஒருவர் தம் பாட்டன் பாட்டியரை அறிதற்கும் தடையாய் நிற்றல் முறையன்று. இவ்வுண்மை ஒரு தை அமாவாசையன்று எமக்கு நன்கு விளங்கிற்று.

அன்று ஆற்றங்கரையில் நாம் நீர்க்கடன் செலுத்துங்கால், தந்தை வழியில் மூன்று தலைமுறை ஆடவர் பெயர்களைத் தடையின்றிக் கூறினோம். தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கூறினோம். பாட்டனாரைப் பெற்ற அம்மையாரின் பெயரைப் புரோகிதர் வினவியபோதோ நா எழவில்லை. அருகிருந்த சிறிய தந்தையாரும் அறியார். “பெயர் தெரியாவிட்டால் பொதுப்பெயர் ஒன்று சொல்லுங்கள், போய்ச் சேரும்” என்று புரோகிதர் கூற, அவ்வண்ணமே சொல்லி எள்ளும் நீரும் இறைத்து மீண்டோம். நன்னூற் சூத்திரங்களை மாணாக்கர்க்கு வாய்பாடமாக உரைக்கும் நமக்கு, பகலெல்லாம் பட்டுநூல் சுற்றிக் குடும்பத்தைக் காத்த மூதாட்டியின் பெயர் தெரியாமற் போயிற்றே என்னும் நாணம் அன்றுதொட்டு நெஞ்சை வருத்துவதாயிற்று.

அந்நாணமே நம்மை நூல்நிலையத்திற்குச் செலுத்தியது. ஆங்கே, கடல் கடந்த இங்கிலாந்து தேசத்திற் பட்டாலைகளிற் கூலிவேலை செய்த ஏழை மக்களின் வழியினர், இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தம் முன்னோரையும் பெயர் பெயராகத் தேடிக் காணும் முறைகளைக் கற்றோம். அவரும் நம்மைப்போலவே பட்டிழையால் உயிர் வாழ்ந்த மக்கள். ஆதலின் அவர்தம் வரலாற்றையும், அதனால் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்ளற்பாலதாகிய ஒன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆலை தோன்றிய வகை

பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுத்த இழை மிக மெல்லியது. அதனைச் சுற்றி, இரண்டு மூன்று இழைகளை ஒன்றாகக் கூட்டி, முறுக்கேற்றிய பின்னரே பாவுக்கு உறுதி உண்டாகும். இவ்வேலையை நம் வீடுகளிற் பெண்டிர் கையாற் செய்துவந்தமை யாவரும் அறிந்ததே. இத்தாலி தேசத்தார் இதற்கு நீர்விசையால் இயங்கும் பெரும்பொறிகளை அமைத்து, அவற்றின் மறையைப் பிறநாட்டார் அறியாதவாறு காத்துவந்தனர். ஜான் லோம் என்னும் ஆங்கிலர் அங்குச் சென்று அப்பொறிகளின் அமைப்பை அறிந்து மீண்டார். தந்தை ஒருவரும் தாய் வேறுமாகிய அவருடைய தமையனார் தாமஸ் லோம் 1718-ஆம் ஆண்டில் அப்பொறிகட்கு அரசாங்கத்தினிடம் 14 ஆண்டுத் தனியுரிமை பெற்றார். டார்பி நகரில் டார்வெண்டு ஆற்றங்கரையில் அவர் எடுப்பித்த பேராலை 1721-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. தனியுரிமைக் காலம் 1732-ல் முடிந்தபோது, பார்லிமெண்டார் அதனை நீட்டிக்க இசையாராய், அதற்கு ஈடாக 14,000 பவுன் அளித்தனர். பின்னர் ஸ்டாக்போர்ட்டு, மாக்கிள்ஸ்பீல்டு, காங்கிள்டன் முதலிய ஊர்களிலும் பட்டாலைகள் எழுந்தன.

லோம் பெயரை உலகம் அறியும். அவர்க்குச் ‘சர்’ பட்டம் கிடைத்ததும், அவர் பெற்ற பொருளும் வரலாற்று நூல்களில் உள. அவருடைய ஆலையில் ஒரு காலத்தில் உழைத்தோர் ஏறத்தாழ முந்நூற்றுவர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் சிறுவருமே. அம்முந்நூற்றுவருள் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்து நிலைபெற்றவர் என்று நாம் அறிவது ஒருவரை. அவரே வில்லியம் ஹட்டன் என்பார்.

ஒரு சிறுவன் எழுதிய சான்று

ஹட்டன் 1723-ஆம் ஆண்டில் டார்பியில் ஓர் ஏழைக் கம்பளித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1730-ல், ஏழாம் வயதில், ஏழாண்டுத் தொழிற் பயிற்சி ஒப்பந்தத்தால் அவ்வாலையிற் சேர்க்கப்பெற்றார். அங்கிருந்தோர் எல்லாரினும் அவரே இளையவர், குறியவர். பொறி கைக்கெட்டாமையால், உயர்ந்த மரக்கட்டைகள் செய்து அவருடைய கால்களிற் கட்டினர். வளர்ந்து எட்டும்வரை அவற்றை இழுத்துக்கொண்டே நின்று வேலை செய்தார். விடியல் ஐந்து மணிக்கு எழுதல் வேண்டும், பிரம்படியும் உண்டு. ஒரு பனிக்காலத்து இரவில், பனியின் வெண்மையை விடியலென்று மயங்கி, பிந்தினால் அடிவிழுமே என்று அழுதுகொண்டு ஓடினார். இருநூறு கஜமும் நிரம்பாத வழியில் ஒன்பது முறை சறுக்கி வீழ்ந்தார். ஆலையில் விளக்கின்மை கண்டு திகைத்து நிற்கையில் மணி இரண்டு அடித்தது.

இவர் பிற்காலத்திற் பர்மிங்ஹாம் நகரிற் புத்தக வாணிகராகிச் செல்வமுற்று, 1791-ல் டார்பி நகர வரலாற்றையும், பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி, 1815-ல் மறைந்தார். அவர் எழுதியிராவிடின் அம்மரக்கட்டைகளை இன்று யார் அறிவார்? அவ்வாலையின் பெரும்பகுதி 1910-ல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் 2021-ஆம் ஆண்டில் தொழிற்கலைக் காட்சிச்சாலையொன்று திறக்கப்பெற்றது. கட்டடம் அழிந்தும், சிறுவன் கண்ணீர் எழுத்தில் நிற்கின்றது.

இனி, எழுதவறியாத ஏனையோரைக் காணும் வழி யாது என ஆராய்வாம்.

குடிமதிப்பு ஏடுகள்

தேடுவோர் முதற்கண் கொள்ளவேண்டிய விதி ஒன்று உண்டு. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும். பெயரொற்றுமை ஒன்றே கொண்டு பழங்காலத்துப் பெரியார் ஒருவரை முன்னோராகக் கொண்டு கீழிறங்கலாகாது. பாட்டியின் பிறப்புப் பத்திரத்திலிருந்து அவள் பெற்றோரையும், அவர்தம் மணப்பதிவிலிருந்து அவர்க்கு முன்னோரையும் படிப்படியாக அறிந்து மேலேறல் வேண்டும். இங்கிலாந்தில் அரசாங்கத்துப் பிறப்பு, மண, இறப்புப் பதிவுகள் 1837 ஜூலை முதல் தொடங்கின.

இவற்றிற்குத் துணையாவன பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பெறும் குடிமதிப்பு ஏடுகள். 1841-ஆம் ஆண்டு ஏட்டிற் பெயரும் தொழிலும் உள; ஆயின் பதினைந்து வயதிற்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு பணித்திருந்தனர். முப்பத்தொன்பது வயதுடையாள் முப்பத்தைந்து என எழுதப்பட்டிருப்பாள். 1851 முதல் உண்மை வயதும், பிறந்த ஊரும், குடும்பத்தலைவர்க்கு இன்ன முறை என்பதும் குறிக்கப்பெற்றன. மாக்கிள்ஸ்பீல்டு போன்ற ஊர்களின் ஏடுகளைப் புரட்டினால், தெருத்தெருவாகப் பட்டு சுற்றுவோர், இழை கூட்டுவோர், முறுக்குவோர், அறுந்த இழை பிணைப்போர், நெய்வோர் என்று தொழிற் பிரிவுகள் தோன்றும். ஒரு வீட்டில் தந்தை நெய்ய, மூத்த மகள் இழைகூட்ட, இளைய மகன் அறுந்த இழை பிணைக்க வாழ்ந்தமையை ஒரு பக்கத்திற் காணலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கணவனோடு வாழும் மனைவியின் தொழிலைக் குறிக்கவேண்டுவதில்லை என்று 1841-ஆம் ஆண்டு விதியே கூறிற்று. ஆதலின் தொழிற்கட்டம் வெறுமையாக இருத்தல் கண்டு அவள் உழையாதிருந்தாள் என்று முடிவு செய்தல் தவறு. எழுதாமை வேறு, இல்லாமை வேறு. நம் வீட்டுப் பெண்டிர் வரலாற்றிற்கும் இவ்விதி பொருந்தும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1911-ஆம் ஆண்டு ஏட்டிற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. குடும்பத்தார் தம் கைப்பட நிரப்பிய தாள்களே அவ்வாண்டிற்குப் பாதுகாக்கப்பட்டுள. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த மக்கள் எத்துணையர், இறந்தோர் எத்துணையர் என்னும் வினாக்களும் அதில் உண்டு. ஏழு பிறந்து நான்கு இறந்தன என்று ஒரு தாளில் எழுதியிருப்பின், தேடுவார் கண்ணீரின்றி அப்பக்கத்தைக் கடத்தல் அரிது. இவ்வேடுகள் நூறாண்டு கழிந்த பின்னரே யாவர்க்கும் திறக்கப்படும். 1921-க்குரியவை 2022-ல் திறக்கப்பட்டன. 1931-க்குரியவை 1942-ல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன. 1941-ல் போர் காரணமாகக் குடிமதிப்பே எடுக்கப்பெறவில்லை. ஏடும் மனிதரைப்போல் நிலையாமையுடையதே.

கோயில் ஏடுகளும் ஏழையர் ஏடுகளும்

1837-க்கு முற்பட்ட காலத்திற்குக் கிறிஸ்தவக் கோயில்களின் ஞானஸ்நான, மண, அடக்க ஏடுகளே துணை. இவை 1538-ல் இடப்பட்ட ஆணையால் தொடங்கின. 1813 முதல் ஞானஸ்நான ஏட்டிற் குழந்தையின் தந்தையின் தொழிலும் எழுதப்பட்டது. 1754 முதல் மண ஏட்டில் மணமக்கள் இருவரும் கையொப்பமிடல் வேண்டும். எழுத்தறியாதார் சிலுவைபோன்ற ஒரு கீறலிடுவர். ஆலைப்பெண் ஒருத்தி தன் வாழ்நாளில் தன் கையால் தாளில் இட்ட குறி அஃதொன்றேயாகவும் இருக்கலாம். அரசாங்கத் திருச்சபையைச் சாராத மெதடிஸ்துகள் முதலாயினார் ஏடுகள் தனியே இருந்து, 1837-க்குப் பின்னர்த் திரட்டப்பெற்று, இப்பொழுது கியூ என்னுமிடத்து நாட்டுப் பழஞ்சுவடி நிலையத்தில் உள்ளன. மாக்கிள்ஸ்பீல்டில் 1796-ல் ஜான் விட்டேக்கர் என்பார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு நாளும் வேலை செய்த சிறார் ஏழாம் நாளில் எழுத்தறிந்த வரலாறு அதனால் விளங்கும்.

இனிக் கூறுவது சிலர் கூற நாணுவது. ஆதரவற்ற குழந்தைகளை ஊர் ஏழையர் காப்பாளர், செலவினின்று நீங்குதல் வேண்டி, ஆலைகளுக்கு ஒப்பந்தம் செய்து அனுப்பிவிடுவர். ஓர் ஊரில் ஏழை ஒருவர் உதவி வேண்டினால், ‘நீ எவ்வூரிற் பிறந்தாய், எங்கு வேலை செய்தாய்’ என்று நீதிபதிகள் வினவி எழுதுவர். உரிமையில்லையேல் உரிமையுடைய ஊர்க்குத் துரத்துவர். 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கொடுமை இது. ஆயினும் வியப்பொன்று காண்க: செல்வரைப்பற்றி எழுதாத செய்திகளெல்லாம் இவ்வேழையரைப்பற்றி எழுதப்பட்டுள. எந்த ஆலை, எத்தனை ஆண்டு, யாரை மணந்தார், எத்தனை குழந்தைகள் என யாவும் அவர் வாய்மொழியாகவே அங்குள்ளன. ஈகை செய்ய மனமில்லாதார் எழுதிவைத்த தாள்களே, பிற்காலத்து மக்களுக்கு முன்னோரை ஈந்தன.

சட்டமும் வயதும்

1833-ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பெற்றது. ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை நெசவாலைகளில் வைத்தலாகாது என்றது அச்சட்டம். பட்டாலைகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்களித்தனர். பதின்மூன்று வயதிற்குட்பட்டோர் பிற ஆலைகளில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்குமேல் உழைத்தலாகாது. பட்டாலைகளிலோ பத்து மணி. மெல்லிய இழைக்கு மெல்லிய விரல்களே வேண்டும் என்பது முதலாளிகள் கூற்று. ஆதலாற் பட்டாலை முன்னோரைத் தேடுவார், ஏழெட்டு வயதுக் குழந்தை பெயரெதிரே தொழில் குறிக்கப்பட்டிருத்தல் கண்டால், எழுத்துப்பிழை என்று ஒதுக்கலாகாது.

பிறப்புப் பதிவு இல்லாத அந்நாளில், குழந்தையின் உடல் தோற்றமும் வலிமையும் நோக்கி வைத்தியர் வயதுச் சான்று அளித்தனர். இஃது எமக்கு நகையையும் வருத்தத்தையும் ஒருங்கே விளைத்தது. நம் நாட்டுப் பள்ளிகளின் பழைய சேர்க்கை ஏடுகளை நோக்குவார்க்கு, மாணாக்கருட் பலர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தாராகத் தோன்றும். தலைக்குமேல் கையை வளைத்துக் காது தொடச்செய்து ஆசிரியர் இட்ட பிறந்தநாள்கள் அவை! ஏட்டில் உள்ளதெல்லாம் உண்மையென்றும் கொள்ளலாகாது; இரண்டு மூன்று சான்றுகளை ஒப்புநோக்கியே துணிதல் வேண்டும்.

இடம்பெயர்ந்தோர்

அயல்நாட்டுப் பட்டுத்துணிகளை இங்கிலாந்தினுள் விடாதிருந்த தடை 1826-ல் நீங்கி, வரி ஏற்பட்டது. 1860-ல் பிரான்சு தேசத்தோடு செய்த உடன்படிக்கையால் அவ்வரியும் ஒழியவே, பிரெஞ்சுப் பட்டு வெள்ளம்போற் புகுந்தது. ஆலைகள் பல மூடின. தொழிலாளர் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவிற்குக் கப்பலேறினர். அவருட் பலர் சென்று சேர்ந்த இடம் நியூஜெர்சி மாகாணத்துப் பாட்டர்சன் நகர். மாக்கிள்ஸ்பீல்டுப் பகுதியிற் பிறந்த ஜான் ரைல் என்பார் முன்னரே அங்குச் சென்று பட்டுத்தொழிலை நிலைநாட்டியிருந்தார். ஆதலின் 1861-ல் இருந்த குடும்பம் 1871-ல் மறைந்திருப்பின், எல்லாரும் இறந்தனர் என்று எண்ணாது, கப்பற் பிரயாணிகள் ஏட்டையும் அமெரிக்கக் குடிமதிப்பையும் நோக்கல்வேண்டும். பிழைப்புப் போன வழியே பெயரும் போம்.

நம் நாட்டுத் தொடர்பு

இவ்வரலாறு முற்றும் அயலாருடையது என்று அன்பர்கள் எண்ணற்க. ஆங்கில ஆலைகளில் முறுக்கிய கச்சாப் பட்டில் ஒரு பகுதி வங்காளத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றியது. காசிம்பஜார் முதலிய இடங்களில் அவர்கள் நூலெடுக்கும் சாலைகளை நடத்தினர். 1770-ஐயொட்டி இத்தாலிய முறையைப் புகுத்துதற்கு அயல்நாட்டுத் தொழில்வல்லாரையும் வருவித்தனர். அவ்வாண்டே வங்கத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. மாக்கிள்ஸ்பீல்டில் இழை சுற்றிய சிறுமியைத் திருச்சபை ஏட்டிற் காணலாம். அவ்விழையைக் கொதிநீரினின்று விரல் வெந்து எடுத்துக்கொடுத்த வங்கத்துத் தொழிலாளியை எவ்வேட்டிற் காண்பது? ஒரே நூலின் இருதலையையும் பிடித்த இருவருள் ஒருவர்க்குப் பெயர் உண்டு, மற்றவர்க்கு இல்லை.

நம் நிலையும் அதுவே. இந்தியாவில் குடிமதிப்பு எடுக்குங்கால் ஒவ்வொருவர் பற்றியும் எழுதும் தாள்களைப் பிறர் பார்வையிடற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருவதில்லை. தொகைகள் அச்சேறும், பெயர்கள் வெளிவாரா. ஆதலின் நம் முன்னோரை அரசாங்கத் தாளிற் காண்போம் என்று காத்திருத்தல் பயனில் செயல். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் விக்கிரயப் பத்திரங்கள், கடன் சீட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஏடுகள், நெசவு முதலாளிகளின் பழங்கணக்குகள், பள்ளிச் சேர்க்கை ஏடுகள், காசி கயா யாத்திரையிற் பண்டாக்கள் எழுதிக்கொண்ட வழிமுறைக் குறிப்புகள் ஆகிய இவையே நமக்குள்ள ஏடுகள்.

பெயர் கிடைத்த வகை

ஆங்கிலர் முறையைப் பின்பற்றி நாமும் இல்லத்துப் பழம்பெட்டியை ஆராயப் புகுந்தோம். பூட்டனார் பெயரால் ஒன்றும் கிடைத்திலது. முடிவிற் கரையான் அரித்த ஓர் அடமானப் பத்திரம் அகப்பட்டது. அதில், இன்னார் மனைவி இன்னாள், தொழில் பட்டுநூல் வேலை என்று எழுதி, ஈற்றில் இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. எழுபத்தைந்து ரூபாய்க்கு வீட்டின் ஒரு பாகத்தை ஈடு வைத்திருந்தாள் அம்மூதாட்டி. அம்மை கருமையாற் பதித்த விரலின் கோடுகள் இன்றும் தெளிவாக உள்ளன. நூல் ஓடித் தேய்ந்த விரல் அதுவேயன்றோ என்று அதனை நெடுநேரம் நோக்கியிருந்தோம்.

இதனை இம்மாதப் பத்திரிகையில் வெளியிடக் கருதியபோது இல்லத்து முதியோர் ஒருவர், “ஊரெல்லாம் நம் கடனைச் சொல்லவேண்டுமா?” என்று சினந்தார். அவர் சொற்குக் கட்டுப்பட்டு அப்பெயரை இங்குக் குறியாது விடுத்தோம். ஆயினும் அவர்க்கும், அவர்போற் கருதும் அன்பர்க்கும் பணிவுடன் ஒன்று விண்ணப்பிக்கின்றோம். நம் குலத்தின் தொன்மையைக் கூறும் புராணங்களைச் சங்கத்தின் சார்பிற் பலமுறை கேட்டு மகிழ்ந்தோம். அவை நம்மை உயர்த்துவன என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவர்க்கு ஆடை நெய்தோம் என்று பாடுதற்கு நாணாத நாம், எழுபத்தைந்து ரூபாய்க் கடனைத் தன் விரலால் ஒப்பி, நம்மைப் படிக்கவைத்த குடியைக் காத்தவளைக் கூற ஏன் நாணவேண்டும்? ஹட்டன் தம் காலிற் கட்டிய மரக்கட்டைகளை மறைத்திலர். அதனாலன்றோ அவ்வாலைச் சிறார் அனைவரையும் இன்று நாம் அறிகின்றோம்? வறுமை முன்னோர்க்கு இழிவன்று. மறதியே பின்னோர்க்கு இழிவு.

ஆதலின் சங்கத்து அன்பர்களே! தாய்மார்களே! வீடுதோறும் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். எழுபது வயதைக் கடந்த பெரியோர் இருப்பின் இவ்வாரமே அவர் அருகில் அமர்ந்து, ஆண்வழிப் பெயர்களோடு பெண்வழிப் பெயர்களையும், ஒவ்வொருவரும் சுற்றிய நூலையும் நெய்த தறியையும் கேட்டு எழுதுங்கள். கடன் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். பழங்கணக்கை எடைக்குப் போடாதீர்கள். நாளை என்று தள்ளினால், கேட்பதற்கு ஆளிருக்கமாட்டார்.

சென்ற ஆடி அமாவாசையன்று மீண்டும் அதே ஆற்றங்கரைக்குச் சென்றோம். புரோகிதர் வழக்கம்போல் பொதுப்பெயரைச் சொல்லத் தொடங்கினார். நாம் அவரைத் தடுத்து, அம்மூதாட்டியின் சொந்தப் பெயரை உரக்கக் கூறி நீர் வார்த்தோம். கடனை வெளியிடலாகாது என்று சினந்த அம்முதியவரும் உடனிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அப்பெயரைத் தாமும் ஒருமுறை மெல்லச் சொன்னார்.